கேள்வி–பதில்: பிலடெல்பியா, ஊர் கூடி எழுப்பிய நகரம்

அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் 250ஆம் ஆண்டையொட்டி, அது நிறைவேறிய பிலடெல்பியா நகரைப் பற்றி வாசகர்கள் பலர் எழுதிக் கேட்டிருந்தனர். ஒரே பொருளைத் தொட்ட கடிதங்களைச் சேர்த்து, இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அந்நகருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

அமெரிக்கா என்றதும் நியூயார்க்கும் வாஷிங்டனும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்த நாடு பிறப்பதற்குக் காரணமான கூட்டங்கள் பிலடெல்பியாவில் நடந்தது ஏன்?
– வாசகர், கும்பகோணம்

வாஷிங்டன் நகரம் அப்போது பிறக்கவே இல்லை. பிரிட்டனின் பதின்மூன்று காலனிகளும் வடக்கே நியூ ஹாம்ப்ஷயர் முதல் தெற்கே ஜார்ஜியா வரை அட்லாண்டிக் கரையோரமாக நீண்டு கிடந்தன. குதிரையிலும் கப்பலிலும் வந்து சேர வேண்டிய பிரதிநிதிகளுக்கு ஏறத்தாழ நடுவில் இருந்தது பிலடெல்பியா. டெலவேர் ஆற்றின் கரையில் நல்ல துறைமுகமும், அச்சகங்களும், வந்தவர்கள் தங்க விடுதிகளும் கொண்ட அந்நகரம், காலனிகளிலேயே மக்கள்தொகை மிகுந்ததாகவும் விளங்கியது.

1774இல் காங்கிரஸ் என்ற பெயரில் காலனிகளின் பிரதிநிதிகள் முதன்முறை கூடியது ஓர் அரசு மாளிகையில் அன்று. கட்டடத் தச்சர்களின் சங்கம் தனக்கெனக் கட்டிக்கொண்ட கார்ப்பென்டர்ஸ் ஹால் என்னும் மண்டபத்தில்தான் கூடியது. அடுத்த ஆண்டு முதல் இரண்டாம் காங்கிரஸ், பென்சில்வேனியா மாகாணச் சபை கூடும் கட்டடத்தில் கூடத் தொடங்கியது. இன்று நாம் இன்டிபென்டன்ஸ் ஹால் என்று அழைப்பது அந்தக் கட்டடத்தைத்தான். வர்ஜீனியாப் பிரதிநிதி தாமஸ் ஜெபர்சன் பிரகடனத்தின் வரைவை எழுதியது, செங்கல் கொத்தனார் ஒருவரின் வீட்டு மாடியில் வாடகைக்கு எடுத்திருந்த இரண்டு அறைகளில். பிரிட்டனிலிருந்து பிரிவது என்று வாக்களித்த நாள் 1776 ஜூலை 2. பிரகடனத்தின் வாசகத்தை ஏற்றது ஜூலை 4. கட்டடத்தின் பின்முற்றத்தில் மக்கள் முன் அதை உரக்கப் படித்தது ஜூலை 8. பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. ஆக, ஓவியங்களில் நாம் பார்ப்பதுபோல எல்லாம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை.

1787இல் அரசியல் சாசனம் உருவானதும் அதே அறையில்தான். 1790 முதல் 1800 வரை நகரம் நாட்டின் தலைநகராகவும் இருந்தது. மாகாணத் தலைநகர் 1799இல் லங்காஸ்டருக்கும், நாட்டின் தலைநகர் அடுத்த ஆண்டே வாஷிங்டனுக்கும் போய்விட, ஏறக்குறைய ஒரே மூச்சில் இரண்டு பதவிகளையும் பிலடெல்பியா இழந்தது.

நகரை நிறுவிய வில்லியம் பென், பூர்வகுடிகளிடம் நியாயமாக நடந்துகொண்டவர் என்று படித்திருக்கிறேன். அது உண்மையா?
– வாசகி, யாழ்ப்பாணம்

பென்னைப் பொறுத்தவரை பெருமளவு உண்மை. அவருடைய பிள்ளைகளைப் பொறுத்தவரை பொய்.

பென்னின் தந்தை கடற்படைத் தளபதி. அவருக்குத் தர வேண்டியிருந்த 16,000 பவுண்டு கடனுக்கு ஈடாக, இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் 1681இல் மகனுக்குப் பென்சில்வேனியா என்னும் பெருநிலப்பரப்பைப் பட்டயம் எழுதிக் கொடுத்தார். பென் குவேக்கர் சமயத்தவர். பூசாரி வேண்டாம், சத்தியப் பிரமாணம் வேண்டாம், போர் வேண்டாம் என்ற அந்தச் சமயத்தாரை இங்கிலாந்து சிறையில் தள்ளிக்கொண்டிருந்தது. பென்னும் சிறை கண்டவரே. ஆகவே, கடவுள் நம்பிக்கை உள்ள எவரையும் அவரவர் வழிபாட்டுக்காகத் துன்புறுத்தலாகாது என்பதைத் தம் குடியேற்றத்தின் அடிப்படை விதியாக்கினார். மன்னர் பட்டயம் கொடுத்துவிட்ட பிறகும், அந்நிலத்தில் வாழ்ந்த லெனாப்பே மக்களிடம் தனியாக விலை பேசி வாங்க வேண்டும் என்று கருதியது அக்காலத்தில் அரிதான செயல்.

அவர் மறைந்தபின், 1737இல், பழைய பத்திரம் ஒன்று இருப்பதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். ஒருவன் ஒன்றரை நாளில் நடந்து கடக்கும் தொலைவு வரை நிலம் தங்களுக்குரியது என்பது அதன் வாசகமாம். காட்டு வழியில் நாலு எட்டு நடந்து, இளைப்பாறி, மறுபடி நடக்கும் நடையென்று லெனாப்பே மக்கள் எண்ணினர். பென் குடும்பத்தாரோ பாதையை முன்கூட்டியே வெட்டித் துப்புரவாக்கி, வேகமாக நடக்கக்கூடிய மூவரைக் கூலிக்கு அமர்த்தி அனுப்பினர். இருவர் பாதியில் விழுந்துவிட, மூன்றாமவர் அறுபது மைலுக்கு மேல் சென்று முடித்தார். அதைக் கொண்டு லெனாப்பே மக்கள் தங்கள் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். நகர மண்டபத்தின் உச்சியில் நிற்கும் பென்னின் சிலையைப் பார்ப்பவர்கள் இந்தப் பிற்பகுதியையும் சேர்த்து அறிவது நல்லது. பென் தாமே அடிமைகளை வைத்திருந்தவர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

பெஞ்சமின் பிராங்க்ளின் பிலடெல்பியாவுக்கு அப்படி என்னதான் செய்தார்? இடிதாங்கி தவிர வேறு எதுவும் எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை.
– மாணவர், திருநெல்வேலி

இடிதாங்கியை விட்டுவிட்டுப் பார்த்தால்தான் அவர் இன்னும் பெரியவராகத் தெரிவார். பாஸ்டனில் பிறந்து, 1723இல் பதினேழு வயதில் வேலை தேடி வந்த அச்சுத் தொழிலாளி அவர். அவரிடம் அரசாங்கமும் இல்லை, சொத்தும் இல்லை. ஆனால் ஒரு காரியத்துக்குப் பத்துப் பேரைச் சேர்ப்பது எப்படி என்பது தெரிந்திருந்தது. ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் சொல்கிறோமே, அதை ஒரு நகராட்சி முறையாகவே அவர் மாற்றினார் எனலாம்.

1731இல், புத்தகம் வாங்க வசதியில்லாத கைவினைஞர்கள் ஐம்பது பேரைத் தலைக்கு 40 ஷில்லிங் போடச் செய்து, பிறகு ஆண்டுக்கு 10 ஷில்லிங் சந்தா வைத்து, இரவல் நூலகம் ஒன்றைத் தொடங்கினார். அந்த நூலகம் இன்றும் நடக்கிறது. 1736இல் தீயணைப்புக் குழு: உறுப்பினர் ஒவ்வொருவரும் தோல் வாளிகளையும், பொருள்களை அள்ளிப்போடச் சாக்குப் பைகளையும் வீட்டில் தயாராக வைத்திருந்து, மணி அடித்ததும் ஓடிவர வேண்டும். 1751இல் டாக்டர் தாமஸ் பாண்டுடன் சேர்ந்து பென்சில்வேனியா மருத்துவமனை. பணம் தரத் தயங்கிய மாகாணச் சபையிடம், மக்கள் 2,000 பவுண்டு திரட்டினால் நீங்களும் 2,000 தருவீர்களா என்று கேட்டார் பிராங்க்ளின். மக்களால் அவ்வளவு திரட்ட முடியாது என்று எண்ணிய உறுப்பினர்கள் சம்மதித்தார்கள். சபையும் ஈடாகத் தரும் என்று தெரிந்ததும் மக்கள் தாராளமாகக் கொடுத்தார்கள். இன்று உலகெங்கும் அறக்கட்டளைகள் கையாளும் உபாயம் இது. அம்மருத்துவமனையில் 1804இல் கட்டிய அறுவைச் சிகிச்சை அரங்கு இப்போதும் இருக்கிறது. மின்விளக்கு இல்லாத காலமாதலால், கூரைச் சாளரத்தின் வழியே வெயில் விழும் நடுப்பகலில்தான் அங்கே கத்தியை எடுத்தார்கள்.

1752இல் தீக்காப்பீட்டு நிறுவனம் ஒன்றும் தோன்றியது. பழைய தெருக்களில் நடப்பவர்கள் சில வீடுகளின் முதல் மாடிச் சுவரில் சிறு உலோகத் தகடு ஒன்றைக் காணலாம்: நான்கு கைகள் ஒன்றையொன்று மணிக்கட்டில் பற்றியிருக்கும். அந்த நிறுவனத்தின் முத்திரை அது. சில சுவர்களில் கைகளுக்குப் பதிலாக ஒரு மரம் இருக்கும். அதன் பின்னே ஒரு சண்டை இருக்கிறது. வாசலில் மரம் நிற்கும் வீடுகள் தீயை அணைக்க இடையூறு என்று சொல்லி, 1781இல் அந்நிறுவனம் அவற்றுக்குக் காப்பீடு தர மறுத்தது. மரத்தை வெட்ட மனமில்லாத வீட்டுக்காரர்கள் 1784இல் தங்களுக்கென்று வேறொரு நிறுவனம் தொடங்கி, மரத்தையே முத்திரையாக்கிக்கொண்டார்கள். மரத்தின் பெயர்களையே தெருக்களுக்கு இட்ட ஊரல்லவா! செஸ்ட்நட், வால்நட், ஸ்ப்ரூஸ், பைன் என்பவையே நகரின் பழைய குறுக்குத் தெருக்கள்.

என்னைக் கேட்டால், விடுதலை மணியைவிட அந்த மரத் தகடே பிலடெல்பியாவின் குணத்தை நன்றாகச் சொல்கிறது.

விடுதலை மணி விரிசல் விட்டது 1776இல் பிரகடனத்தின்போது அடித்ததால்தானா?
– வாசகர், சேலம்

இல்லை. இன்டிபென்டன்ஸ் ஹாலில் தொங்கவிட லண்டனிலிருந்து 1752இல் வந்த மணி சோதித்துப் பார்த்தபோதே விரிந்தது. உள்ளூர் வார்ப்படக்காரர்களான பாஸ், ஸ்டோ இருவரும் இருமுறை உருக்கி வார்த்தனர். இப்போது காணும் அகலப் பிளவு, பிற்காலத்தில் தோன்றிய மெல்லிய விரிசல் பரவாமலிருக்கத் தொழிலாளர்கள் வேண்டுமென்றே அகலப்படுத்தியது. 1846இல் வாஷிங்டன் பிறந்தநாளுக்கு அடித்தபோது விரிசல் மேலும் நீண்டதால், அதற்குப்பின் மணி ஒலிக்கவில்லை. ‘விடுதலை மணி’ என்ற பெயரே 1830களில் அடிமை ஒழிப்பு இயக்கத்தார் சூட்டியது.

‘எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்’ என்று எழுதிய ஊரிலேயே அடிமைகளும் இருந்தார்களா? அந்த முரண்பாட்டை நகரம் எப்படித் தாங்கியது?
– வாசகி, மதுரை

இருந்தார்கள், அதை எதிர்த்தவர்களும் தொடக்கம் முதலே இருந்தார்கள். இன்று நகருக்குள் அடங்கிவிட்ட ஜெர்மன்டவுனில் 1688இலேயே குவேக்கர் நால்வர் அடிமை முறையைக் கண்டித்து மனு எழுதினர். 1780இல் பென்சில்வேனியா படிப்படியான ஒழிப்புச் சட்டம் இயற்றியது. அதன்படி, பிற மாநிலத்தார் அழைத்துவரும் அடிமை ஆறு மாதம் தொடர்ந்து தங்கினால் விடுதலை கோரலாம். குடியரசுத் தலைவராக இங்கே வாழ்ந்த ஜார்ஜ் வாஷிங்டன், அந்த ஆறு மாதம் முடிவதற்குள் தம் வீட்டு அடிமைகளை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பித் திரும்ப அழைத்துக்கொண்டார். அவர்களுள் ஒருவரான ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண், 1796 மே மாதத்தில், வீட்டார் உணவருந்திக்கொண்டிருந்த வேளையில் வெளியேறிக் கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயர் சேர்ந்தார். அவரைத் திரும்பப் பிடிக்க வாஷிங்டன் எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. வாஷிங்டன் வாழ்ந்த மாளிகை நின்ற இடம், இன்று விடுதலை மணி வைத்திருக்கும் கூடத்தின் வாசலை ஒட்டியே இருக்கிறது. 2007இல் அங்கே அகழ்ந்தபோது அடித்தளச் சுவர்கள் வெளிப்பட்டன.

நீங்கள் கேட்கும் முரண்பாடு முழு உருவில் வெளிப்பட்டது 1793இல். கரீபியனில் அடிமைகளின் கிளர்ச்சி மூண்ட செயின்ட் டொமிங் (இன்றைய ஹைட்டி) என்ற பிரெஞ்சுக் காலனியிலிருந்து அகதிகள் வந்திறங்கிய கோடையில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. ஏறத்தாழ 50,000 பேர் வாழ்ந்த நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் 5,000 பேர் வரை மாண்டனர். 20,000 பேர் ஊரைவிட்டு ஓடினர். கொசுதான் காரணம் என்று தெரிய இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆகவிருந்தது. புகழ்பெற்ற மருத்துவர் பெஞ்சமின் ரஷ் நோயாளிகளின் இரத்தத்தை வடித்து வைத்தியம் பார்த்தார். அதில் பிழைத்தவர்கள் அதையும் மீறிப் பிழைத்தவர்கள் என்றே சொல்ல வேண்டும். கறுப்பினத்தவரை இந்நோய் அண்டாது என்று நம்பிய ரஷ், அவர்களின் உதவியைக் கேட்டார். ரிச்சர்ட் ஆலன், அப்சலோம் ஜோன்ஸ் ஆகிய இருவரும் 1787இல் அமைத்திருந்த சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கத்தினர் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தனர், பிணங்களை வண்டியில் ஏற்றிப் புதைத்தனர். ரஷ்ஷின் நம்பிக்கை பொய்த்தது; அவர்களிலும் பலர் மாண்டனர். நோய் தணிந்தபின் மேத்யூ கேரி என்ற பதிப்பாளர், கறுப்பினத்தவருள் சிலர் அதிகக் கூலி பறித்தார்கள், திருடினார்கள் என்று எழுதினார். 1794இல் ஆலனும் ஜோன்ஸும் தங்கள் வரவு செலவுக் கணக்கோடு மறுப்பு வெளியிட்டார்கள்.

அடிமையாகப் பிறந்து, தன் விடுதலையைத் தானே விலை கொடுத்து வாங்கிய ஆலன், வெள்ளையர் தேவாலயத்தில் நேர்ந்த அவமதிப்பால் வெளியேறி 1794இல் நிறுவிய மதர் பெத்தேல் தேவாலயம், ஆறாம் தெருவில் அதே மனையில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. பிராங்க்ளினின் நண்பர்களைப் போலவே இவர்களும் சந்தா போட்டு, சங்கம் வைத்துத் தங்கள் நிறுவனங்களை எழுப்பினார்கள். வேறுபாடு என்னவெனில், இவர்கள் எழுப்பியவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை. அடிமை ஒழிப்பைப் பேசுவதற்கென்று பணம் திரட்டிக் கட்டிய பென்சில்வேனியா ஹால், 1838 மே மாதத்தில் திறந்து மூன்று நாள் கழித்துக் கும்பலொன்றால் எரிக்கப்பட்டது. தீயணைப்புக் குழுவினர் பக்கத்துக் கட்டடங்களை நனைத்தார்கள். எரிந்த மண்டபத்தை எரியவிட்டார்கள். அதே ஆண்டில் மாநிலத்தின் புதிய சாசனம் கறுப்பின ஆண்களின் வாக்குரிமையையும் பறித்தது.

பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் மதுரைக் கோயில் மண்டபம் ஒன்று இருக்கிறதாமே?
– வாசகர், விருதுநகர்

இருக்கிறது, ஆனால் அது நிற்கும் குன்றின் கதையிலிருந்து தொடங்க அனுமதியுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் அசுத்தத்தால் வருகிறது என்று தவறாக நம்பிய நகரத்தார், அந்தத் தவற்றின் பயனாக ஒரு நல்ல காரியம் செய்தார்கள். கிணறுகளை விட்டுவிட்டு, ஸ்கூல்கில் ஆற்று நீரை நீராவி இயந்திரத்தால் ஏற்றி, துளையிட்ட மரக்குழாய்கள் வழியே 1801 முதல் ஊருக்கு வழங்கினார்கள். அந்த இயந்திரங்கள் அடிக்கடி பழுதாகவே, 1815இல் ஆற்றோரத்து பேர்மவுண்ட் குன்றின் அடியில் புதிய நீரேற்று நிலையம் அமைந்தது. 1822 முதல் அணைகட்டி, நீர்ச்சக்கரங்களாலேயே ஆற்று நீரைக் குன்றின் உச்சியிலிருந்த தேக்கத்துக்கு ஏற்றினர். கிரேக்கக் கோயில்போலத் தூண் வைத்துக் கட்டிய அந்த நிலையத்தைப் பார்க்க ஐரோப்பாவிலிருந்தும் வந்தனர். தொழிற்சாலைக் கழிவு ஆற்றைக் கெடுத்ததால் 1909இல் அது மூடப்பட்டது. உச்சியிலிருந்த தேக்கத்தை அகற்றி, அதே இடத்தில் கட்டி 1928இல் திறந்ததுதான் இன்றைய கலை அருங்காட்சியகம்.

இனி மண்டபத்துக்கு வருவோம். அடலைன் பெப்பர் கிப்சன் என்ற பிலடெல்பியாப் பெண்மணி 1912இல் மதுரைக்கு வந்தபோது, மதனகோபால சுவாமி கோயில் வளாகத்தில் குவிந்து கிடந்த கருங்கல் சிற்பத் துண்டங்களை, அறுபதுக்கும் மேற்பட்டவற்றை, விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார். முதல் உலகப் போரின்போது பிரான்சில் செவிலியப் பணியாற்றிய அவர் 1919இல் இறந்துவிட, குடும்பத்தார் அவர் நினைவாக அவற்றை அருங்காட்சியகத்துக்கு அளித்தனர். தூண்களும் போதிகைகளும் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வடமொழிப் பேராசிரியர் நார்மன் பிரவுன் அவற்றை ஆராய்ந்து 1940இல் நூலாக எழுதினார். தென்னகச் சிற்பத்தை உலகறியச் செய்தவர்களுள் ஒருவரான ஸ்டெல்லா கிராம்ரிஷ், 1954 முதல் அங்கே இந்தியக் கலைப்பிரிவின் காப்பாளராக இருந்தார். 2016இல் மண்டபத்தின் ஒளியும் அமைப்பும் புதுப்பிக்கப்பட்டன.

யாளியும் அனுமனும் கருடனும் தூணிலிருந்து முன்னே வந்து நிற்பதைப் பார்க்கையில் மகிழ்ச்சி ஏற்படுவது இயல்பே. கோயில் வளாகத்துக் கற்களை விற்கும் உரிமை யாருக்கு இருந்தது என்ற கேள்வியும் உடன் எழத்தான் செய்யும். களவு போன சிலைகளின் வழக்கிலிருந்து இது வேறுபட்டது. வெளிப்படையாக வாங்கி, வெளிப்படையாகக் காட்டிவருகிறார்கள். எனினும், எந்தக் கோயிலுக்கு உரியது என்று தெரிந்த கற்கள் இவை; அந்தக் கோயில் மதுரையில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது என்பதை மறந்து இதைப் பார்க்க முடியாது.

இன்றைய பிலடெல்பியா வளமான நகரமா, நலிந்த நகரமா?
– வாசகர், கோயம்புத்தூர்

தொழில் நகரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள், நன்கு புரியும். 1854இல் சுற்றியிருந்த ஊர்களையெல்லாம் இணைத்துக்கொண்டு விரிந்த பிலடெல்பியா, நெசவு, தொப்பி, ரம்பம், கப்பல், இரயில் எஞ்சின் என்று எல்லாவற்றையும் செய்தது. இந்திய அகலப்பாதையில் ஓடிய, குண்டு மூக்குடைய டபிள்யூ.பி. நீராவி எஞ்சின்களின் முதல் தொகுதியை 1947இல் கட்டி அனுப்பியது இந்நகரில் பிறந்த பால்ட்வின் நிறுவனம்தான்; அதற்குள் அதன் ஆலை நகருக்குச் சற்று வெளியே எடிஸ்டோனுக்குப் போயிருந்தது. 1950இல் 20,71,605 ஆக இருந்த மக்கள்தொகை, ஆலைகள் மூடி, வெள்ளையர் பலர் புறநகர்களுக்குப் பெயர்ந்ததில், 2000இல் 15,17,550 ஆகக் குறைந்தது. 2020இல் 16,03,797. பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளுமே இன்று பெருமளவில் வேலை தருவோர். நகர நடுவில் செல்வம் தெரிகிறது. கென்சிங்டன் போன்ற பழைய ஆலைப் பகுதிகளில் வறுமையும் போதைப்பொருளும் தெரிகின்றன. 1985 மே 13 அன்று, மூவ் என்ற கறுப்பின அமைப்பினர் இருந்த வீட்டின்மீது காவல்துறையே ஹெலிகாப்டரிலிருந்து குண்டு வீசி, பரவிய தீயை உடனே அணைக்காமல் விட்டதில் ஐந்து குழந்தைகள் உட்பட 11 பேர் மாண்டு, 61 வீடுகள் எரிந்தன. தீயணைப்புக்குச் சங்கம் வைத்த ஊரில் இப்படி நேர்ந்ததை அந்நகரத்தார் இன்னும் மறக்கவில்லை.

நகர மண்டபத்தைவிட உயரமாக யாரும் கட்டக்கூடாது என்று சட்டம் இருந்ததா?
– வாசகர், கொழும்பு

சட்டம் இல்லை, வாய்மொழி வழக்கம்தான். 548 அடி உயர மண்டபத்தின் உச்சியில் நிற்கும் பென்னின் தொப்பியைத் தாண்டிக் கட்டாதிருந்தார்கள். 1987இல் ஒன் லிபர்ட்டி பிளேஸ் அதை மீறியது. அதன்பின் நகரின் அணிகள் ஒன்றும் கோப்பை வெல்லாததைப் பென்னின் சாபம் என்றனர். 2007இல் இன்னும் உயரமான கோபுரத்தின் உச்சி உத்தரத்தில் பென்னின் குட்டிப் பொம்மை ஒன்றை ஒட்டினார்கள்; 2008இல் பேஸ்பால் அணி வென்றது. நம்புவோர் நம்பலாம்.

மகன் நியூ ஜெர்சியில் இருக்கிறான். ஒருநாள் போய் வந்தால் போதுமா? நாங்கள் சைவ உணவுக்காரர்கள்.
– வாசகி, சென்னை

இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் முழுவதும் நடை: இன்டிபென்டன்ஸ் ஹாலுக்கு நேரம் குறித்த சீட்டு வேண்டியிருப்பதால் முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, அங்கிருந்து கார்ப்பென்டர்ஸ் ஹால், பிறகு 18ஆம் நூற்றாண்டுச் சிறு செங்கல் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் எல்ப்ரெத்ஸ் சந்து. அவ்வீடுகளில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள்; சன்னலுக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம். மதியம் 1893 முதல் நடக்கும் ரீடிங் டெர்மினல் சந்தைக்குப் போனால், ஊரின் புகழ்பெற்ற மாட்டிறைச்சி சாண்ட்விச்சைத் தவிர்த்துவிட்டு, பென்சில்வேனியா டச்சுக்காரர்கள் எனப்படும் ஜெர்மானிய வழியினரின் கடைகளில் ரொட்டியும், சுடச்சுட முறுக்கிய பிரெட்சலும், பழங்களும் கிடைக்கும். பிரெட்சலில் வெண்ணெய் தடவ வேண்டாமென்றால் முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டாம் நாளை நீரேற்று நிலையத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் ஒதுக்குங்கள். முன்வாசலின் 72 படிகள் முழங்காலுக்கு ஆகாதென்றால் பின்பக்க வாசல் இருக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் புழுக்கம் சென்னையை நினைவூட்டும்; ஏப்ரல் இறுதியோ அக்டோபரோ நல்லது.